ஈரம் காயாத இரண்டு ஆண்டுகள்

பாதி உருவமாகவும் பாதி அரூபமாகவும் நிற்கும் எண்ணெய் வண்ண ஓவியங்களை வரைகிறவர்களிடம், இதை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் உள்ளுணர்வு என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வருகிறது. நானும் அந்த வகையில் வரைகிறவன் என்பதால், அந்தப் பதில் எவ்வளவு வசதியானது என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. அது பொய்யான பதிலும் அன்று. ஆனால் அதைக் கேட்டவர், ஓவியன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் ஆவேசத்தில் தூரிகையை வீசுகிறான் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். உண்மையில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. ஒரு முடிவை எடுக்காமல் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதில்தான் இந்த வகை ஓவியனின் உள்ளுணர்வு அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். இதைச் சொல்வதற்கு என் ஓவியங்களைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. அது அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் 1950 முதல் 1952 வரை வரைந்த, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘பெண் 1’ என்ற ஓவியம்.

ஏறத்தாழ 193 சென்டிமீட்டர் உயரமும் 147 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கித்தான் (கேன்வாஸ்) அது. அகன்று விரிந்த கண்களும், பற்களை முழுவதும் காட்டும் சிரிப்பும், பெருத்த மார்பும் கொண்ட ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய தோளும் மடியும் எங்கே முடிகின்றன, பின்னணி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல முடியாது. முதல் பார்வைக்கு ஒரே மூச்சில், கோபத்தோடு, ஒரு பிற்பகலில் வரைந்து முடித்ததைப் போலத் தோன்றும். ஆனால் 1950ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய அந்த வேலை முடிவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில் எத்தனையோ முறை அந்தப் பெண் கித்தானில் தோன்றி, சுரண்டி எடுக்கப்பட்டு, மீண்டும் வரையப்பட்டாள். நமக்கு இது தெரிவதற்குக் காரணம், ரூடி பர்க்ஹார்ட் என்ற புகைப்படக் கலைஞர் ஓவியத்தின் வெவ்வேறு கட்டங்களைப் படமெடுத்து வைத்ததுதான். அந்தப் படங்களோடு தாமஸ் ஹெஸ் என்ற விமர்சகர் எழுதிய கட்டுரை 1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘ஆர்ட் நியூஸ்’ இதழில் வெளியானது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றியது வியப்பன்று, எரிச்சல். அழித்த கட்டங்களில் ஒன்றிரண்டையாவது அப்படியே விட்டிருக்கலாமே, அவையே நல்ல ஓவியங்கள்தானே என்ற எரிச்சல் அது. நல்ல ஓவியமாகிவிட்டது என்பதையே நிறுத்துவதற்குப் போதுமான காரணமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மெதுவாகத்தான் விளங்கியது.

டி கூனிங்கின் கை எங்கே பழகியது என்பதைப் பார்க்காமல் அவருடைய உள்ளுணர்வைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. 1904இல் ராட்டர்டாமில் பிறந்த அவர், 12 வயதில் அந்நகரின் அலங்கார வேலை நிறுவனம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் அங்கே வேலை, இரவில் கலைக்கழகத்தின் மாலை வகுப்புகள் என்று பல ஆண்டுகள் கழிந்தன. மரத்தின் ரேகையையும் சலவைக்கல்லின் ஓட்டத்தையும் வண்ணத்தில் பொய்யாக வரைந்து காட்டுவது, எழுத்துகளை அளவு பிசகாமல் எழுதுவது, பெயர்ப்பலகை எழுதுகிறவர்களின் நீளமான மயிர் கொண்ட தூரிகையால் மணிக்கட்டைத் திருப்பாமல் தோளிலிருந்தே ஒரு வளைகோட்டை இழுப்பது போன்றவை அந்த உலகத்தின் அன்றாட வேலைகள். 1926இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா வந்து சேர்ந்த பிறகு, நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935இல், கலைஞர்களுக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமை இல்லாததால் அதிலிருந்தும் விலக நேர்ந்தது. ஆனால் முழுநேரமும் ஓவியனாகவே வாழலாம் என்ற துணிவு அந்தக் குறுகிய காலத்தில் அவருக்கு வந்துவிட்டது.

முதல் தனிக் கண்காட்சி நடந்ததோ 1948இல், ஏறக்குறைய 44 வயதில். அதில் காட்டப்பட்ட கறுப்பு வெள்ளை ஓவியங்கள் பலவற்றில் கலைக்கடைகளில் விற்கும் விலையுயர்ந்த வண்ணக் குழாய்களுக்குப் பதிலாக வீட்டுக்குப் பூசும் எனாமல் வண்ணத்தைப் பயன்படுத்தியிருந்தார். பணமில்லாததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த எனாமல் தூரிகையிலிருந்து எப்படி வழுக்கி இறங்கும், எந்த அளவு நீர்த்தால் கோடு உடையாமல் நீளும் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவருடைய கோடுகளில் நாம் காணும் துள்ளலைப் பற்றி எழுதுகிறவர்கள் மனத்தின் ஆழத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அதில் பெயர்ப்பலகை எழுதுகிறவரின் தோள்பட்டையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எண்ணெய் வண்ணம் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணமே சதைதான் என்று 1950இல் ஓர் உரைக்காக எழுதியதில் அவர் குறிப்பிட்டார். அவருடைய புகழ்பெற்ற வாசகம் இது. தோலின் நிறத்தைப் பற்றியது என்று பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். வரைகிறவனுக்கு இதில் இன்னொன்றும் கேட்கிறது. எண்ணெய் வண்ணம் உலர்வது தண்ணீர் ஆவியாவதைப் போன்றதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உள்வாங்கி, மெதுவாகப் படலமாக இறுகுகிறது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் சில நிமிடங்களில் தன் முடிவைச் சொல்லிவிடுகிறது. எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில், பூச்சு தடித்திருந்தால் வாரக்கணக்கில், தன் முடிவைச் சொல்லாமல் காத்திருக்கிறது. அதுவரை அது பிசையக்கூடிய பொருளாகவே இருக்கும். நேற்று வரைந்த கன்னத்தின் மேல் இன்று ஒரு பச்சை நிறத்தை இழுத்தால், அந்தப் பச்சை கன்னத்தின் மேல் உட்காராமல் கன்னத்தோடு கலந்து, இரண்டு நாளும் ஒரே பூச்சில் சேர்ந்துவிடும். எல்லா நிறங்களும் ஒரே மாதிரி உலர்வதில்லை என்பது இதிலுள்ள சிக்கல். சென்னையின் சித்திரை வெயிலில் ‘பர்ன்ட் அம்பர்’ என்ற பழுப்பு வண்ணம் ஓரிரவில் கையில் ஒட்டாத அளவுக்கு இறுகிவிடும். எலும்புக்கரியில் செய்யும் கறுப்போ நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். வண்ணத்தில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் உலர்வது தாமதமாகும் என்பது ஓவியர்களுக்குத் தெரிந்த பழைய வழி. என் அறையிலும் பல நேரங்களில் அந்த வாசனை இருக்கும். வருகிறவர்கள் யாருக்கோ பல்வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டி கூனிங்கின் செய்முறைகள் பலவும் இந்த ஈரத்தைக் காப்பாற்றுவதற்காகவே அமைந்தவை. இரவில் வேலையை நிறுத்தும்போது, வண்ணம் உலராமல் இருப்பதற்காக ஓவியத்தின் மேல் செய்தித்தாள்களை ஒட்டி வைப்பார். மறுபடியும் உரித்தெடுக்கும்போது, செய்தித்தாளின் மை ஈர வண்ணத்தில் இடவலம் மாறிப் பதிந்து நிற்கும். 1955இல் வரைந்த ‘கோத்தம் நியூஸ்’ ஓவியத்திலும், அதற்கு அடுத்து முடித்த ‘ஈஸ்டர் திங்கள்’ ஓவியத்திலும் அந்தத் தலைப்புகளையும் விளம்பரங்களையும் இன்றும் பார்க்கலாம். அந்தப் பதிவுகளை அவர் திட்டமிடவில்லை. ஆனால் வந்தபின் துடைத்தெறியவும் இல்லை. தற்செயல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. வேறு ஒரு நோக்கத்துக்காகச் செய்த ஒரு சாதாரண வேலையின் பின்விளைவு அது; அதை ஏற்பதா, மறுப்பதா என்ற தீர்ப்பு மட்டுமே ஓவியனுடையது. 1970களில் அவர் குசும்பப்பூ எண்ணெயோடு தண்ணீரையும் கரைப்பானையும் சேர்த்து அடித்துக் கலக்கி, நுரைத்த குழம்பைப் போன்ற வண்ணங்களைத் தயாரித்தார். குசும்பப்பூ எண்ணெய் ஆளிவிதை எண்ணெயைவிட மெதுவாக உலரும். வயது எழுபதை எட்டும்போதும் அவர் தேடியது இன்னும் கொஞ்சம் ஈரத்தைத்தான்.

ஈரம் ஒரு பக்கம் என்றால், மறுபக்கம் காகிதம். வரைந்த படங்களை அவர் துண்டுகளாக வெட்டுவார். ஒரு படத்தின் கால்களை வேறொரு படத்தின் உடலோடு சேர்த்துப் பார்ப்பார். கண்ணாடித்தாளில் படியெடுத்து வைத்துக்கொண்டு, அதே தோளைக் கித்தானின் வேறு மூலையில் கிடைமட்டமாகப் பொருத்திப் பார்ப்பார். சில சமயம் கித்தானின் மேலேயே காகிதத்தைக் குத்திவைத்து, அதையும் சேர்த்து வண்ணம் பூசிவிட்டுப் பின்பு காகிதத்தை உருவிவிடுவார். அப்போது ஓடிவந்த கோடு ஓரிடத்தில் திடீரென்று அறுபட்டு, வேறொரு நிறம் தலைகாட்டும். ‘பெண் 1’ ஓவியத்தில் கண்ணை இழுக்கும் அந்தத் தாவல்கள் பலவும் கையின் வேகத்தால் மட்டும் வந்திருக்க முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். வெட்டி, நகர்த்தி, ஒட்டிப் பார்த்த பழக்கத்தின் தடம் அவற்றில் இருக்கிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வாயைப் பற்றிய விஷயம். 1950இல் காகிதத்தில் வரைந்த ஒரு பெண்ணின் முகத்தில், பத்திரிகையில் வந்த சிகரெட் விளம்பரத்திலிருந்து ஒரு பெண்ணின் வாயை வெட்டி அப்படியே ஒட்டினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிறிய படத்தில், சுற்றிலும் கொந்தளிக்கும் வண்ணத்துக்கு நடுவே, அச்சடித்த உதடுகளும் பற்களும் மட்டும் அசையாமல் சிரிக்கின்றன. அந்தக் காலத்தில் நிறைய வாய்களை வெட்டி வைத்திருந்ததாகவும், உண்மையான ஒரு பொருள் அங்கே இருந்தது தனக்குப் பெரிதும் உதவியதாகவும் பின்னர் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். எல்லாமே மாறிக்கொண்டிருக்கும் கித்தானில் ஒன்றாவது மாறாமல் இருந்தால்தான் மற்றவை எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது தெரியும். முழு அரூபத்தில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கட்டாயம் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. உருவத்தை விடாமல் வைத்திருக்கிறவருக்கோ, கண்ணும் வாயும் எங்கேனும் ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்பட்டாலொழிய, இது ஒரு பெண் என்ற செய்தியே கரைந்து போய்விடும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் பெரிய கண்கள் கொண்ட பழைய மெசப்பொட்டேமியச் சிலைகளின் மேலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. அந்தக் கண்களும் சிகரெட் விளம்பரத்தின் வாயும் ஒரே முகத்தில் சந்தித்துக்கொண்டன.

உருவத்தை ஏன் விடவில்லை என்ற கேள்வி அவரை விடாமல் துரத்தியது. 1950இல் முடித்த ‘அகழ்வு’ என்ற மாபெரும் ஓவியத்தின் மூலம் அரூப ஓவியர்களின் முன்வரிசைக்கு வந்துவிட்டிருந்த ஒருவர், அடுத்த கணமே ஒரு பெண்ணின் படத்துக்குத் திரும்பியதை அவருடைய நண்பர்கள் சிலரே பின்வாங்கலாகப் பார்த்தார்கள். இன்றைய காலத்தில் ஒரு முகத்தை வரைவது இயலாத காரியம் என்று விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் சொன்னபோது, உண்மைதான், வரையாமல் இருப்பதும் இயலாத காரியம் என்று டி கூனிங் பதில் சொன்னாராம். இந்தப் பதிலைச் சாமர்த்தியமான பேச்சு என்று கடந்துவிடக் கூடாது. கையின் போக்கில் விட்டால் வண்ணம் அழகான அலங்காரமாக மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு, அதிலும் அலங்காரத் தொழிலில் பழகிய கைக்கு அது மிக அதிகம். ஒரு முழங்கை, ஒரு பாதம், ஒரு சிரிப்பு ஆகியவை அந்தக் கையை நடுவழியில் மறிக்கின்றன. இடித்துக்கொள்வதற்கு ஏதாவது வேண்டும் என்பதற்காகவே உருவத்தை அவர் விடாமல் வைத்திருந்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதே காலத்தில் லண்டனில் இதற்கு எதிர்த் திசையில் போனவர் ஓவியர் பிரான்சிஸ் பேக்கன். 1940களின் பிற்பகுதியிலிருந்து அவர் கித்தானின் பூச்சு அடிக்காத பக்கத்தில் வரையத் தொடங்கினார். அந்தப் பக்கம் எண்ணெயை உடனே உறிஞ்சிவிடும். போட்ட கோட்டைச் சுரண்டி எடுக்க முடியாது. கந்தலால் தேய்த்தும், கையால் வண்ணத்தை அள்ளி வீசியும் தற்செயலை வரவழைத்து, அது பிடிக்கவில்லை என்றால் கித்தானையே கிழித்துவிடுவார். அவர் இறந்த பிறகு அவருடைய ஸ்டுடியோவை டப்ளினில் உள்ள ஹ்யூ லேன் காட்சிக்கூடத்துக்கு மாற்றியபோது, கத்தியால் கிழிக்கப்பட்ட கித்தான்கள் ஏறத்தாழ 100 கிடைத்தன. வயலில் வந்து இறங்கும் ஒரு பறவையை வரையத் தொடங்கி, முற்றிலும் வேறான ஓர் ஓவியத்தில் போய் முடிந்த கதையை 1946ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே கோட்டோவியங்கள் செய்துகொள்வதில்லை என்றும் பலமுறை சொன்னார். ஆனால் அவர் வரைந்த கோட்டோவியங்கள் பிற்பாடு வெளிவந்தன. ஒருவர் திரும்பிப் போக முடியாத கித்தானையும், இன்னொருவர் என்றைக்கும் திரும்பிப் போகக்கூடிய கித்தானையும் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் உள்ளுணர்வு என்றே அழைக்கப்படுகின்றன. எனக்கு டி கூனிங்கின் வழி பிடித்திருப்பதற்கு என் சுபாவமும் ஒரு காரணமாக இருக்கலாம். எதையும் கிழிக்க எனக்கு மனம் வராது. கித்தான் விற்கும் விலையில் கிழிக்கவும் முடியாது.

ஆனால் திரும்பிப் போகக்கூடிய கித்தானுக்கு ஒரு பெரிய விலை உண்டு. அதற்கு முடிவே இல்லை. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டி கூனிங் சலித்துப்போய், அந்தக் கித்தானை மரச்சட்டத்திலிருந்து பிரித்து எடுத்து ஒதுக்கிவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபிரோ ஸ்டுடியோவுக்கு வந்தபோது, அந்த ஓவியத்தைப் பற்றி விசாரித்துப் பார்த்துவிட்டு, அதைக் கைவிட வேண்டியதில்லை என்று எடுத்துச் சொன்னார். மீண்டும் சட்டத்தில் ஏறிய அந்தக் கித்தான் அந்த ஆண்டின் கோடையில் முடிந்தது. ஷபிரோ அவருக்கு ஒரு யோசனையும் வழங்கியதாகத் தெரியவில்லை. பார்க்கத் தெரிந்த இன்னொருவரின் கண் ஒருமுறை அந்தக் கித்தானின் மேல் பட்டது, அவ்வளவுதான். உள்ளுணர்வைப் பற்றிப் பேசும்போது நாம் ஓவியனைத் தனியாக ஒரு அறையில் அடைத்துவிடுகிறோம். இந்த ஓவியத்தின் உள்ளுணர்வில் ஒரு பேராசிரியரின் பேச்சுக்கும் பங்கு இருக்கிறது.

1953ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கின் சிட்னி ஜானிஸ் காட்சிக்கூடத்தில் ‘பெண்’ வரிசை ஓவியங்கள் காட்டப்பட்டன. அதே ஆண்டில் நவீன கலை அருங்காட்சியகம் ‘பெண் 1’ ஓவியத்தை வாங்கியது. பெண்ணுடலின் மேல் நிகழ்த்தப்பட்ட வன்முறை என்ற விமர்சனம் அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. அந்த விமர்சனத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சிகரெட் விளம்பரத்திலிருந்தும் பத்திரிகைக் கவர்ச்சிப் படங்களிலிருந்தும் எடுத்த சிரிப்பை ஒரு முகத்தில் பொருத்தும்போது, அந்தச் சிரிப்போடு அதை விற்ற சமூகத்தின் பார்வையும் உள்ளே வந்துவிடுகிறது. உள்ளுணர்வாக வரைகிறேன் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பொறுப்பேற்கத் தேவையில்லை என்றாகிவிடாது. கை பழகியதெல்லாம் கித்தானில் வரும். தோள்பட்டையின் தேர்ச்சி வருவதைப் போலவே காலத்தின் வக்கிரமும் வரும். இரண்டு ஆண்டுகள் அழித்து அழித்து வரைந்தும் அந்தச் சிரிப்பை அவர் அழிக்கவில்லை என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓவியத்தின் உள்ளடக்கம் என்பது ஒரு மின்னல்போல் கண்ணில் பட்டு மறைவது, மிக மிகச் சிறியது என்று கலை விமர்சகர் டேவிட் சில்வெஸ்டருடன் 1960இல் பேசியபோது டி கூனிங் சொன்னார். அவ்வளவு சிறிய ஒன்றைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. வரைவதைவிட உட்கார்ந்து பார்ப்பதே அவருடைய வேலைநாளின் பெரும்பகுதியாக இருந்தது. 1960களில் லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்து அங்கே அவர் கட்டிய ஸ்டுடியோவில், கித்தானிலிருந்து வெகுதூரம் தள்ளி ஓர் ஆடும் நாற்காலி போடப்பட்டிருந்தது.

அவருடைய கடைசி ஓவியங்கள் இந்த விவாதத்தை இன்னும் கடினமாக்குகின்றன. 1980களில், ஞாபக மறதி நோய் அவரைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், உதவியாளர்களின் துணையோடு 300க்கும் மேற்பட்ட ஓவியங்களை அவர் வரைந்தார். வெள்ளை வெளியில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் நாடாக்களாக ஓடும் அந்த ஓவியங்களில் உருவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆயினும் பழைய தோளின் வளைவையும் தொடையின் கோட்டையும் சில இடங்களில் அடையாளம் காண முடிகிறது. அவற்றை மகத்தான இறுதிக்காலக் கலை என்று சிலரும், நினைவை இழந்த ஒரு கையின் பழக்கம் என்று சிலரும் சொன்னார்கள். அச்சுப் பிரதிகளில் பார்த்து ஒருவர் தீர்ப்பு வழங்குவது எவ்வளவு சரி என்ற தயக்கத்தோடு சொல்கிறேன்: அந்தப் பத்தாண்டின் முற்பாதி ஓவியங்களில், வெள்ளைக்கு அடியில், பூசிப் பின் சுரண்டித் தேய்த்த நிறங்களின் நிழல் தெரிகிறது, ஒரு கோடு வேறு எங்கோ இருந்து இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதும் தெரிகிறது. பிற்பாதி ஓவியங்கள் சிலவற்றில் கோடு அதே துள்ளலோடு ஓடுகிறது, நிறம் இன்னும் தூய்மையாக இருக்கிறது, ஆனால் மறுத்து அழித்ததன் தடம் அநேகமாக இல்லை. அவற்றைப் பார்க்க இனிமையாக இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது 1983ஐ ஒட்டிய ஓவியங்களைத்தான்.